எதிர் நடைபாதை

ஜூன் 3

அன்பு மிக்க உங்களுக்கு,

நான் நலம். உங்கள் நலம் நீங்கள் எழுதினால்தானே தெரியும்?

நம் கண்ணாடிக் கடையை நான் ஒருத்தியாகத் திறந்து மூடி ஒரு வருஷம் ஆகிறது. உப்புக் காற்றில் ஷட்டர் துருப்பிடித்துவிட்டது. காலையில் அதைத் தூக்கும்போது எதிர் பெயின்ட் கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்கிறார். நாள் முழுக்க அவர் டப்பா தட்டுவதை நான் ஏதாவது சொன்னேனா? மீன் லாரிகள் போனதும் தெருவைக் கழுவி விடுகிறார்கள். ஈரம் காய்வதற்குள் துறைமுக அலுவலகத்துக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் கண்ணாடியின் திருகாணியைத் தொலைத்துவிட்டு நூலால் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நேற்று வங்கிக் காவலாளி வந்தார். பவர் கூடியிருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ளவில்லை. "கண்ணெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு, பேப்பர்காரன்தான் எழுத்தைச் சின்னதாக்கிட்டான்" என்கிறார். நீங்கள் இருந்திருந்தால் அவரைச் சமாளித்திருப்பீர்கள்.

படகுத்துறையில் புதுப் படகு விட்டிருக்கிறார்கள். ஏழேமுக்கால் சங்கு மறுபடியும் ஊதுகிறது. புறாக்கள் முன்போலவே மொத்தமாகக் கிளம்பிப் பறக்கின்றன.

நம் பாப்பா போன பிறகு உங்களால் இங்கே இருக்க முடியவில்லை. புரிகிறது. ஆனால் ஒரு நாளாவது வந்து போகக் கூடாதா?

உங்கள்
வாயாடி

ஜூன் 19

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் ஜன்னல் கிடையாது. மெஷின் ஓடினால் வேறெதுவும் காதில் விழாது. அதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

காவலாளிக்கு அரைப் பவர் மட்டும் கூட்டிக் கொடு. ஒரு மாதம் கழித்து மீதியைக் கூட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். ஷட்டரைத் தனியாகத் தூக்காதே, உன் தோள்வலி எனக்குத் தெரியும்.

தெருவைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம். அந்தச் சங்கைப் பற்றி எழுதவே எழுதாதே.

இப்படிக்கு,
நான்தான்

ஜூலை 2

அன்பு மிக்க உங்களுக்கு,

தெருவைப் பற்றி எழுத வேண்டாம் என்றால் நான் எதை எழுதுவது? எனக்கு இருப்பது இந்தத் தெருதான். படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிற சத்தம், கம்பி அறுந்து தொங்கும் விளம்பரத் தகடு காற்றில் அடித்துக்கொள்வது, மத்தியானம் ஐஸ் கட்டியை இழுத்துப் போகும் தள்ளுவண்டி. இவற்றோடுதான் என் பொழுது போகிறது. வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை.

அன்றைக்கு அந்தப் படகு கவிழ்ந்ததில் நம் பாப்பாவோடு பதினோரு பேர் போனார்கள். தபால்காரரின் மனைவியும் அதில்தான் போனாள். அவர் தினமும் படகுத்துறைக்கே தபால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "முடியலைதாம்மா, ஆனா போறேன்" என்றார்.

வாருங்கள். பேச வேண்டாம். சும்மா வந்து உட்காருங்கள், போதும்.

உங்கள்
வாயாடி

ஆகஸ்ட் 11

வாயாடிக்கு,

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூலை இருபத்திரண்டாம் தேதி நான் வந்தேன். காலைப் பஸ்ஸில் இறங்கி, பையோடு தெருமுனை வரை வந்து, பெயின்ட் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர்கூட என்னைக் கவனிக்கவில்லை.

நீ ஒரு வயதான தம்பதிக்குக் கண்ணாடி காட்டிக்கொண்டிருந்தாய். திடீரென்று சிரித்தாய். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். இவளால் எப்படி முடிகிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்த ஆத்திரத்தை நினைத்து வெட்கம். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் பாப்பா தலை வலிக்கிறது, கல்லூரிக்குப் போகவில்லை என்றாள். நீ குளித்துக்கொண்டிருந்தாய். "பரீட்சைன்னாலே உனக்குத் தலைவலி வந்துடும், கிளம்பு, படகு போயிடும்" என்று விரட்டியது நான். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் அதுதான். சங்கெல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு.

மன்னிக்க முடிந்தால் எழுது.

நான்

ஆகஸ்ட் 20

உங்களுக்கு,

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இப்போது ஆள் யாரும் இல்லை.

நீங்கள் அவளை விரட்டியது எனக்கு அன்றே தெரியும். குளியலறைக்குள் கேட்டது. கதவைத் திறந்து, "இருக்கட்டும், இன்னைக்கு ஒரு நாள் வீட்லயே இருக்கட்டும்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையெல்லாம் சோப்பு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன். வெளியே வந்தபோது அவள் செருப்பு வாசலில் இல்லை.

நீங்கள் உங்களுடையதைச் சொன்னால் நானும் என்னுடையதைச் சொல்லலாம் என்று இத்தனை நாள் காத்திருந்தேன். மன்னிக்க அதில் என்ன இருக்கிறது? தப்பு என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

அந்தச் சிரிப்பையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பழசையே குடும்மா, அதுலதான் இவர் நல்லா இருந்தார்" என்றாள். பாப்பா போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே, கேட்டீர்களா என்று உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அது காலியாக இருந்ததைப் பார்த்ததும் அழுகை வந்தது. நீங்கள் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அதையும் பார்த்திருப்பீர்கள்.

அவளை அனுப்பியதற்காக உங்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. ஆனால் அவ்வளவு தூரம் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் போனீர்களே, அதுதான் ஆறவில்லை. ஆறுமென்றும் தோன்றவில்லை. இந்தத் தெரு இருபதடி அகலம்கூட இருக்காது.

இனிமேல் வரச்சொல்லி எழுத மாட்டேன். நீங்களும் வர வேண்டாம். உங்கள் துணிகளையும், பெட்டியில் இருந்த அவளுடைய போட்டோக்களில் பாதியையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று பிரிக்கத்தான் மூன்று நாள் ஆனது.

யாரோ வருகிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பாவின் அம்மா