வெடி கேட்காத ஐம்பது ஏக்கர்

மச்சான்,

நேற்று வோபர்ன் கடையில் மரக்கறி வாங்கிவிட்டுக் கார் டிக்கியைத் திறந்தேன். சோள வாசம் முகத்தில் அடித்தது. உன் சாக்கு எப்போதோ கிழிந்து கொட்டியது, விரிப்புக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நம் காணி கைமாறி இரண்டு கிழமை ஆகிறது. உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் ஏற்ற காணி என்ற விளம்பரத்தை நீ காட்டியபோது நான் சிரித்தேன். மூன்று மணித்தியாலம் வடக்கே, ஒரு பெற்றோல் நிலையமும் ஒரு தேவாலயமும் மட்டும் உள்ள சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஐம்பது ஏக்கர் காடு. நீயோ கோழி உரிக்கிற இடத்தில் நிற்க மாட்டாதவன்.

"உனக்கென்னத்துக்கடா வேட்டைக்காணி?"

"நாங்கள் வாங்கினா அங்கை வெடி கேக்காது. அதுக்குத்தான்."

வெடிச் சத்தத்துக்கு ஓடி ஓடியே நம் இருவருக்கும் இளமை போனது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இருவர் பெயரிலும் எழுதினோம்.

நம் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் படலையில் நின்று குரல் கொடுக்காமல் உள்ளே போவதில்லை. நீ காட்டுக்கும் அதையே செய்தாய். "சொல்லாமல் போய் நிண்டா அதுகள் பயந்திடுங்கள்" என்று மூன்று தரம் ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் காரை உள்ளே விடுவாய். பிறகு சோளத்தைக் கொட்டுவாய். முதல் வருடம் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது மாரிப் பனியில் டிக்கி திறக்கும் முன்பே மான்கள் வந்து நின்றன. நீ கலியாண வீட்டு வாசலில் நிற்பவன் மாதிரி "வாங்கோ, வாங்கோ" என்றாய். "மனுசிக்கு ஒருநாளும் உப்பிடி மரியாதை குடுத்திருக்கிறியோ?" என்று கேட்டேன். உனக்குக் காது கேட்கவே இல்லை.

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து சில மாதம் கழித்து விட்பியில் உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி, உன் மனுசி, தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"அண்ணை, பிள்ளையள் உந்தக் காட்டுப்பக்கம் போகமாட்டினம். எனக்கும் ஏலாது. வித்துவிடுவம்."

அவள் கேட்டதில் பிழை இல்லை. அவளுடைய பாதியை வாங்கிக்கொள்ள எனக்கு வசதியும் இல்லை. வேட்டையாடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடலாமா என்று விற்றுத்தர வந்த தம்பியிடம் கேட்டேன்.

"அங்கிள், அப்பிடிப் போட்டா ஒருத்தரும் வரமாட்டினம். உது வேட்டைக்குத்தானே போகும்."

பார்க்க வந்தவர்கள் ஒரு வெள்ளைக்காரத் தகப்பனும் மகனும். நல்ல மனிதர்கள், நீ இறந்ததற்கு வருத்தம் சொன்னார்கள். அவர்களைக் கோபிக்கக்கூட எனக்கு வழியில்லை. பிந்தி வந்த தம்பி, தான் வந்துவிட்டதாக எங்களுக்குத் தெரியப்படுத்த ஹோர்ன் அடித்தான். ஐந்து மான்கள் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து எங்களைப் பார்த்து நின்றன. மகன் படம் எடுத்தான். தகப்பன் மெல்லிய குரலில், எப்போதும் இப்படித்தான் வருமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவை கண்முன்னே நிற்கையில் எப்படிச் சொல்வது?

திரும்பி வரும்போது தம்பிக்குப் பெரிய சந்தோசம். "அங்கிள், மானே காணியை வித்துத் தந்திட்டுது."

வேட்டைக்காலம் தொடங்க இன்னும் ஒரு கிழமை இருந்தது. காணியை ஒப்படைப்பதற்கு முதல்நாள் நான் தனியாகப் போனேன். படலையில் நின்று ஹோர்ன் அடித்தேன். வந்தன. சோளம் கொண்டுபோகவில்லை. கத்தினேன், கையை வீசினேன். நம்பமாட்டாய், உன் மான்களுக்குக் கல்லெறிந்தேன். இந்தச் சத்தம் கேட்டால் ஓடவேண்டும் என்று ஒரே நாளில் பழக்கிவிடலாம் என்று நினைத்த மடையன் நான். முதல் கல் ஒன்றிலும் படவில்லை. இரண்டாவது தாய் மானின் முதுகில் பட்டது. எல்லாம் கொஞ்சத் தூரம் ஓடின. அங்கே நின்று என்னைப் பார்த்தன. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி என்னிடமே வந்தன, மச்சான்.

மூன்றாவது கல்லை எறியக் கை எழவில்லை. அது இன்னும் என் ஜாக்கெற் பைக்குள் இருக்கிறது.