வெட்ட மறுத்த காட்சி

என் அன்பு அம்மாவுக்கு,

சுகந்தினி எழுதுகிறேன். நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இதைப் போனில் கதைக்கப் பயம். அதனால்தான் ஊருக்கு வரும் உஷா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சினிமாப் படிப்பில் நான் ஆராய்கிற சோவியத் பெண் இயக்குநரைப் பற்றிச் சொன்னேனே? மகனைத் தேடும் தாயின் காட்சியை வெட்டச் சொன்னார்கள் அதிகாரிகள். அவள் மறுத்தாள். பல வருடம் படமெடுக்க விடாமல், ஸ்டூடியோ நூலகத்தில் புத்தகம் அடுக்க வைத்தார்கள். அப்போதும் அவள் மசியவில்லை.

போன கிழமை இங்கே ஒனிஹங்காவில், வெளிநாடு வந்த நம் சனம் கூடும் மண்டபத்தில், என் படத்தைப் போட்டுக் காட்டினேன். காணாமல் போன அண்ணாவின் போட்டோவோடு நீங்கள் வீதியோரப் போராட்டப் பந்தலில் இருப்பீர்களே, அந்தப் படம்தான். முடிந்ததும் முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தபடி வந்தார்.

"அம்மா இப்பவும் அந்த வீட்டிலதானே இருக்கிறா? தனியத்தானே?"

பெரிதாக ஒன்றுமில்லை அம்மா, ஊர்க்காரராக இருக்கலாம். ஆனாலும் கேற்றைப் பூட்டியே வையுங்கள். யாரும் கேட்டால் மகள் நர்சிங் படிக்கிறாள் என்று சொல்லுங்கள். உஷா அக்காவிடம் மிளகாய்த்தூளும், நீங்கள் உடுத்த பழைய சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். சேலையைத் தோய்க்க வேண்டாம்.

அக்கா வெளியே ஹோர்ன் அடிக்கிறார். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இன்று படத்திலிருந்து உங்கள் முகத்தை வெட்டி எடுத்துவிட்டேன். அண்ணாவின் போட்டோவும் அதைப் பிடித்திருக்கும் கைகளும்தான் மிச்சம்.

என்னை யாரும் வெட்டச் சொல்லவில்லை, அம்மா.

உங்கள் மகள்,
சுகந்தினி