வில்யாமி இடது கையால் எறிந்த ஈட்டி

அன்பு மகள் சைமாவுக்கு, சித்தப்பா குஸ்தா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே மாடுகளும் நாங்களும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கனடாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் அப்பா போனபின் உங்கள் இருவரையும் வளர்த்த கை இது, புல் அறுத்துச் சோர்ந்திருக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இந்த ஜில்லாவில் என்னைப்போல் அரிவாள் வீச இன்னொருத்தன் பிறக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணன் வில்யாமியைப் பற்றிக் கேட்டிருந்தாய். தம்பெரேயில் தேர்வு, இரண்டு நாளில் பத்து போட்டி, எல்லாப் புள்ளியையும் கூட்டி முதல் மூன்று பேருக்குத்தான் இந்த 1924 பாரிஸ் ஒலிம்பிக். போன தடவை முழங்கால் கெடுத்தது, அதற்கு முந்தி யுத்தம். முப்பத்து நாலு வயதில் இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பு இல்லை, அது அவனுக்கும் தெரியும், ஹெல்வி அண்ணிக்கும் தெரியும். நான் கூடவே போனேன், நான் போகாவிட்டால் அவன் ரயில் மாறி ஏறியிருப்பான். முதல் நாள் உயரம் தாண்டினான் பார், அவன் பூட்ஸின் அடி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் ஈட்டியில், முதல் வீச்சிலேயே வலது தோள் போய்விட்டது. தூர்க்குவிலிருந்து வந்த ஒரு மாணவன், பெரியவரே, வீட்டுக்குப் போய்க் காப்பி குடிங்க என்று கிண்டல் செய்தான். இவன் ஈட்டியை இடது கைக்கு மாற்றினான். நம் ஊரில் சின்ன வயசிலிருந்தே இரண்டு கையாலும் எறிந்து, இரண்டு தூரத்தையும் கூட்டித்தானே ஜெயித்தவனைச் சொல்வோம், அந்தப் பழக்கம். ஜனங்கள் சிரித்தார்கள், நடுவர் தலையைச் சொறிந்தார், கூடாது என்று எந்த விதியும் இல்லை. அறுபது மீட்டர் என்று நான் சொல்கிறேன், அளந்தவன் குறைத்துச் சொன்னான், அவன் நாடா நனைந்திருந்தது. எப்படியோ மொத்தப் புள்ளியில் மூன்றாம் இடம் கையில் வந்துவிட்டது.

கடைசிப் போட்டி ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம், நாலாவதாக இருந்த அந்த மாணவனை ஒட்டியே ஓடினால் போதும். கடைசிச் சுற்றில் நம் பையன் பின்தங்கினான், பின்தங்கிக்கொண்டே போனான், நான் கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. மொத்தத்தில் நாலாம் இடம். ஞாயிறு கோயில் வாசலில் எல்லாரும் கேட்டார்கள், அந்தப் பயல் முழங்கையால் இடித்துத் தள்ளினான் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற வில்யாமி, "யாரும் இடிக்கல சித்தப்பா. எனக்கு மூச்சு இல்ல. விடுங்க" என்றான். ஹெல்வி அவன் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப்போனாள்.

அவனுக்குத் தனியாக எழுது மகளே, புள்ளிக் கணக்கு மட்டும் கேட்காதே. புதுக் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேள், தோள் எப்படி என்று கேள். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, அந்த ஊர்க் குளிர் நம் குளிர் இல்லை. ஆண்டவர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

பன்னிரண்டு வருஷமாக உன் அண்ணன் விடியும் முன் ஏரி வரை ஓடிவிட்டு வந்துதான் மாட்டிடம் போவான். இன்று வெயில் கூரையைத் தாண்டியும் தூங்குகிறான். எழுப்பப் போன ஹெல்வியை நான்தான் நிறுத்தினேன். மாடுகளை நானே கறந்துவிட்டேன்.

உன் சித்தப்பா
குஸ்தா