மகால் தூணோரம் உன் அப்பா

கேமராக்கார மருமகள் நாகஜோதிக்கு,

மதுரைச் சீமையே அதிரும் சேதியோடு உன் தாய்மாமன் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, நின்றபடி படித்தால் விழுந்துவிடுவாய்.

நீ சினிமாவில் கேமரா பிடிக்கப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத உன் அப்பாவை, கண் டாக்டரிடம் காட்டிய கையோடு நாயக்கர் மகாலுக்குக் கடத்திப் போனேன். "மாப்ள, இந்தத் தூணுகளச் சுத்திப் பாடாத ஹீரோவே கெடையாது. ஆறு யானை சேந்தாலும் ஒரு தூணக் கட்டிப்பிடிக்க முடியாது!" என்று அளந்தேன்.

"சினிமாப் பேச்ச எடுத்தீகன்னா இப்பவே உசிலம்பட்டி பஸ் ஏறிருவேன் மச்சான்" என்றார்.

ஏறவில்லை, தாயி! அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடந்து, சுற்றுலா வந்த ஒரு குடும்பத்தையே இடித்துவிட்டார்.

"இம்புட்டு உசரம் கேமராவுக்குள்ள எப்படி மச்சான் அடங்கும்?"

விடுவேனா நான்? அவரைப் படம் எடுக்கப் போனை நீட்டினேன். தூணோரம் சட்டையை இழுத்துவிட்டு நின்றவர், சட்டென்று கையை ஆட்டித் தடுத்தார்.

"உங்களுக்கு எடுக்கத் தெரியாது. அவ வந்து எடுக்கட்டும்."

சத்தியமாக, இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பு. மனுஷர் நேற்றே மீசைக்கு மை வாங்கிவிட்டார்.

இப்படிக்கு,
மகாலையும் உன் அப்பாவையும் ஒரே நாளில் வென்ற
உன் மாமன்