சிலுவை ஓட்டிய படகு

சிங்கப்பூர், 18-7-1966

அன்பு மனைவி ஷாஜாதிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். நீயும் உம்மாவும் நலமா? கோவில்பட்டியில் மழை உண்டா?

எங்கள் படகுப் பட்டறைக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு அடியில் ஓட்டையோடு வந்தது. கண்ணாடி நார்த்துணியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, தேய்த்து, நான்தான் சரிசெய்தேன். ஓட்டிப் பார்க்க மட்டும் முதலாளி, என்னோடு வேலைசெய்யும் தூத்துக்குடிச் சிலுவையைக் கூப்பிட்டார். அவன் கடற்கரையில் பிறந்தவனாம், நான் கரிசல்காட்டானாம். எனக்கு வயிறு எரிந்தது. "நானும் வாரேம்லே" என்று ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் பாய்க்கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கி இழுத்தேன். படகு கவிழ்ந்தது. பயப்படாதே, கழுத்தளவுத் தண்ணீர்தான்.

சிலுவை என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, கரையேறியதும் முதலாளியிடம், "காத்து திரும்பிட்டு மொதலாளி. ஆனா அண்ணாச்சி போட்ட ஒட்டு அசையல" என்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நல்ல குணத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

யாராவது இங்கே வந்தால் நம்மூர்த் தலைவலித் தைலமும் கடலை மிட்டாயும் கொடுத்தனுப்பு.

சிலுவையின் மனைவி ஊரிலிருந்து வாரந்தோறும் கடிதம் எழுதுகிறாள். அவன் அதைச் சிரித்துச் சிரித்து வாசிக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். படகை அவனே ஓட்டட்டும். நீ கொஞ்சம் அடிக்கடி எழுது.

பட்டறை மணி அடித்துவிட்டது.

உன்
குத்புதீன்