சிவப்புப் பெட்டியைத் தொடாதே

மான்டானா, டிசம்பர் 1978

அன்புள்ள ஆர்லீன்,

உன் முதுகுவலி தேவலையா? நான் சுகம், இடது புருவம்தான் கொஞ்சம் கருகிவிட்டது. விற்கிற கொயோட்டி நரித் தோல் கிழியாதிருக்க, நானே வெடிமருந்தைக் குறைவாக எடைபோட்டு அடைத்த தோட்டா நேற்று துப்பாக்கியின் பின்பக்கமாக வெடித்துவிட்டது.

"ஏம்ப்பா, தோலுல பெரிய ஓட்டை விழக் கூடாதுன்னு பாத்துப் பாத்து அடைச்சியே, உன் மூஞ்சியில விழுந்திருக்குமே!" என்று பண்ணைக்காரர் ஹல்வர் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தில் மிஞ்சியதை, மெதுவாக எரியும் ரைஃபிள் மருந்து டப்பாவில் தவறிக் கொட்டியிருக்கிறேன். அந்தக் கலவை ரைஃபிளையே பிளந்துவிடும். ஆட்டுப்பட்டிக் காவலுக்கு உன்னிடம் வைத்துவிட்டு வந்த சிவப்புப் பெட்டித் தோட்டாக்களும் அதே டப்பா மருந்துதான்.

ஒன்றைக்கூடச் சுடாதே. கொயோட்டி ஆட்டைத் தூக்கினால் தூக்கட்டும்.

இங்கே தொலைபேசி இல்லை. பனி பாதையை மூடுமுன் ஹல்வர் தபாலுக்குக் கிளம்புகிறார். கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. பதிலை நீயே எழுது. வேறு யார் கையெழுத்திலும் வேண்டாம்.

உன்
டேரல்