அக்கா பேருக்கு வந்த கடன் கடுதாசி

என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணமான, என் ஆசை அக்கா நாகம்மாவுக்கு,

உனக்குத் தபால் வந்தது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது, இன்னும் உன் பேருக்குத்தான் தபால் வருகிறது. நாலாவது வரை படித்தவள் நான். எனக்கு இன்றுவரை ஒருத்தரும் ஒரு கார்டு போட்டதில்லை. நீ கைநாட்டு. நீயே சொல்லு, இது நியாயமா?

நீ கண்ணை மூடிய ஆறாம் மாசம் அம்மா என்னைக் கூப்பிட்டு, “கொழந்திக்கு எவளோ வந்து சோறு போடறதுக்கு நீயே போயிடுடி” என்றாள். பாவாவுக்கு வாழ்க்கைப்பட்டேன். அக்கா புருஷன் என்று பாவா பாவா என்று கூப்பிட்ட வாய், தாலி கட்டிய பிறகும் அப்படியே கூப்பிடுகிறது. உன் அடுப்பு, உன் அம்மி, உன் மகள் பாக்கியம். பாவா ஓட்டுகிற ஜட்கா வண்டிக் குதிரைகூட நான் புல் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதற்கும் நீதான் வேண்டுமாம்.

போதாக்குறைக்கு நீ சாமியாகவும் ஆகிவிட்டாய். பூவும் பொட்டுமாகப் போனவள் ஆயிற்றே, வீட்டுக்குப் பூவாடைக்காரி. ஆடி மாசம் வந்தால் மூங்கில் கூடையில் உனக்குப் புதுச் சேலை வைத்து, மஞ்சளும் வளையலும் வைத்து, வடை பாயசத்தோடு படையல் போட்டு, நான் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். சின்ன வயசில் என் சடையைப் பிடித்து இழுத்த அதே நாகம்மாவுக்கு! கூடப் பிறந்தவளைக் கும்பிடுகிற கொடுமை யாருக்கு வரும்?

இந்த வருஷம் அந்தப் படையல் அன்று மத்தியானம்தான் தபால்காரர் வாசலில் வந்து நின்றார். “நாகம்மாங்கறவங்க பேருக்கு வந்துகீது” என்றார். கூடைக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த பாவா அப்படியே திரும்பினார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து அவர் ஒரு நாளும் அப்படித் திரும்பியதில்லை.

உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். பட்டணத்தில் ஏதோ கம்பெனியாம். ‘தங்கள் நாணயத்தையும் நன்னடத்தையையும் தக்க மனிதர்கள் மூலம் விசாரித்துப் பரம திருப்தி அடைந்தோம். தங்களுக்கு இருநூறு ரூபாய் கடன் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஜாமீன் வேண்டாம். பத்து நாளைக்குள் இத்துடன் உள்ள தாளில் கையெழுத்திட்டு, பிரவேசக் கட்டணம் பதினைந்து ரூபாய் மணியார்டர் செய்யவும்.’

நம் குதிரைக்குப் பின்னங்கால் போய்விட்டது அக்கா. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறது. கிருத்திகைக் கூட்டத்தில் மற்ற வண்டிக்காரர்கள் நாலு நடை அடிக்கும்போது பாவா ஒரு நடை அடிக்கிறார். வேறு குதிரை வாங்க எங்கே போவது என்று இருந்த வீட்டுக்குள் இந்தக் கடுதாசி வந்தால் எப்படி இருக்கும்?

“செத்தும் குடுத்தான் சீதக்காதிம்பாங்களே, பாத்தியா கங்கா! படையல் போட்ட அன்னிக்கே குடுக்கறா உங்கக்கா. செத்தவ பேருக்கு எவனாச்சும் கடன் குடுப்பானா? இது அவ குடுக்கறது.” என்று சொல்லிக்கொண்டே பாவா என் கையிலிருந்து கடுதாசியைப் பிடுங்கி உன் சேலை மேல் வைத்துவிட்டார். கூடையில் வைத்ததை மூன்று நாளைக்குத் தொடக்கூடாது என்பது வீட்டு வழக்கம்.

நான் தொட்டேன். பொறாமைதான், வேறென்ன? மறுநாள் அவர் வண்டி கட்டிப் போனதும், அச்சில் உன் பேர் எப்படி இருக்கிறது என்று இன்னொரு தரம் பார்க்க ஆசை வந்தது. எடுத்தேன், பார்த்தேன், எரிந்தேன், பிறகு திருப்பினேன். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ‘பிரவேசக் கட்டணம் எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் கம்பெனியாரின் இஷ்டம்.’ முன்பக்கம் அனுமதித்துவிட்டோம் என்கிறான், பின்பக்கம் இஷ்டம் என்கிறான். கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் இல்லை, வெறும் தபால்பெட்டி எண்தான்.

உன் விலாசத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ‘ஜட்கா வண்டிக்காரர் சம்சாரம், குளத்தெரு, முருங்கைமர வீடு.’ இந்த வாசகம் என்னுடையது. தலைமுடி வளர்கிற தைலம் வேண்டும் என்று பாவாவுக்குத் தெரியாமல் என்னை நீ பட்டணத்துக்குக் கார்டு எழுதச் சொன்னாயே, அதில் நான் எழுதியது. அந்த முருங்கைமரம் போன வருஷக் காற்றில் விழுந்துவிட்டது. நாணயத்தை விசாரித்த தக்க மனிதருக்கு, மரமும் இல்லை, நீயும் இல்லை என்று தெரியவில்லை. தைலக்காரனிடமிருந்து பேரை வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இத்தனையும் தெரிந்தும் நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

பதினைந்து ரூபாய்க்குப் பாவா எங்கே போவார்? உன் கம்மலைத்தான் அடகு வைப்பார், பாக்கியத்துக்கென்று நீ வைத்துவிட்டுப் போன, படையல் கூடையில் உன் சேலையோடு இருக்கிற அந்தச் சிவப்புக்கல் கம்மலை. போகட்டும் என்று நினைத்தேன். கம்மலும் போகட்டும், கடனும் வராமல் போகட்டும், நாகம்மா கொடுத்த வரம் பொய்த்துப்போச்சு என்று இவர் ஒரு நாளாவது உன்மேல் மனசு கசக்கட்டும். பெற்ற மகளைப் போல வளர்க்கிற குழந்தையின் சொத்து என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட பாவி உன் தங்கை.

நாலாம் நாள் காலையில் பாவா கூடையைத் திறந்தார். கம்மலை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டார். அந்தத் தாளை என் முன்னால் வைத்து, “உனக்கு எழுத வருமே. அவ பேரைப் போட்டுடு” என்றார்.

உன் அடுப்பை ஏற்றினேன், உன் பாயில் படுத்தேன், எல்லாம் சரி. உன் பேரையும் நானே எழுத வேண்டுமா? பேனாவைக் கீழே வைத்தேன். “பாவா, இது ஏமாத்து. பின்னாடி படிக்கறேன், கேளுங்க” என்று முழுக்கப் படித்தேன்.

அவர் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “உனுக்கு எரியுது. அவ பேருக்கு வந்துச்சுன்னு எரியுது. உன் பேருக்கு வந்திருந்தா இந்நேரம் தபாலாபீஸ்ல நின்னுகினு இருப்பே.”

எரிந்தது நிஜம். ஆனால் கடுதாசி பொய் என்பதும் நிஜம். என் வாயிலிருந்து வந்ததாலேயே நிஜம் அவர் காதில் ஏறவில்லை.

“சரி, எனக்கு எரியுது. ஒரே ஒரு கார்டு போடறேன். அக்கா செத்துட்டான்னு எழுதறேன். யோக்கியனா இருந்தா, இன்னா பண்ணணும்னு எழுதுவான். அதுவரிக்கும் கம்மல் கூடைல இருக்கட்டும்” என்றேன். தவணை தப்பிப்போகும் என்று குதித்தார். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். கடைசியில், “எழுதித் தொலை” என்றார்.

எழுத உட்கார்ந்தேன். ‘மேற்படி நாகம்மாள் நாலு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டாள்.’ அவ்வளவுதான் எழுதினேன், மை கலைந்துபோயிற்று. எனக்கே தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட, நாலு பேர் உன்னைத்தானே புகழ்கிறார்கள் என்று உர்ரென்று நின்றவள் நான். அதன் பிறகு உன்மேல் பொறாமைப்படவே பொழுது சரியாகிவிட்டது, அழ எங்கே நேரம்? பாவா போய் இன்னொரு கார்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

பதினோராம் நாள் பதில் வந்தது. உன் பேருக்கேதான்.

‘ஸ்ரீமதி நாகம்மாள் அவர்களுக்கு. தங்கள் கடிதம் கண்டு மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தோம். தங்கள் விருப்பப்படியே தவணை மேலும் பத்து நாள் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கட்டணத்தை உடனே அனுப்பவும்.’

பாவா, “இன்னொரு தரம் படி” என்றார். படித்தேன். “செத்துட்டான்னு எழுதினா மகிழ்ச்சிங்கறானே, கட்டைல போறவன்! இவனா என் நாகுவ விசாரிச்சவன்?” என்று கத்தினார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நீ போன அன்றைக்கு அழுததுபோல அழுதார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதும், நான் போனால் இதில் பாதியாவது அழுவாரா என்றுதான் தோன்றியது. என்ன செய்யச் சொல்கிறாய்?

சாயங்காலம் என்னிடம், “நீ சொன்னது சரிதான் கங்கா” என்றார்.

“பொறாமைன்னீங்களே?”

“ஆங், அதுவும் சரிதான்.”

குதிரை இன்னும் நொண்டுகிறது. பாவா அதை லாயத்தில் நிறுத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டு, வேறொருத்தர் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறார். அதே மாதிரி கடுதாசி தெருவில் மூன்று வீட்டுக்கு வந்தது. எல்லாரும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பு, கொடுக்கிறேன் என்கிறவன் முன்னால் எதற்குக் கேட்கிறான் என்று பார், தெருப் பேர் இருக்கிறதா என்று பார் என்று சொல்லி அனுப்புகிறேன். அதிலும் பார், “நாகம்மா தங்கச்சிகிட்ட காட்டு” என்றுதான் சொல்லிவிடுகிறார்களாம். எனக்கென்று ஒரு பேர் இருப்பது இந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் உன் கூடைக்குச் சேலை எடுக்கிறபோது எனக்குப் பிடித்த நிறமாகப் பார்த்துத்தான் எடுத்தேன். அடுத்த படையலுக்குப் புதுசு வைத்ததும் பழசை நான்தானே கட்டப்போகிறேன் என்ற கணக்கு. வருகிற ஆடிக்குத் துணி ரேஷனில் என்ன கிடைத்தாலும் சரி, நாலு கடை ஏறி, உனக்குப் பிடித்த அந்த மாம்பழ நிறத்தில் எடுத்து வைக்கிறேன். அந்த நிறம் எனக்குத் துளியும் ஒத்துவராது, உனக்குத்தான் எடுப்பாக இருக்கும். இருந்தாலும் அடுத்த வருஷம் அதைக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் நடப்பேன்.

உன்னைப் பார்த்து எரிந்துகொண்டே உன்னைத் தேடுகிற,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
கங்கா